ஆடு தொடாத இலை

எங்கள் பள்ளியின் பின்புறத்தில், மாணவர்கள் கை கழுவும் குழாயை ஒட்டி, ஒரு மூலிகைப் பாத்தி இருக்கிறது. துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, நொச்சி, ஆடாதோடை என ஏழெட்டுச் செடிகள் அதில் வளர்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு பலகை நட்டு, மேல்வரியில் தமிழ்ப் பெயரையும், கீழ்வரியில் உலகெங்கும் தாவர நூலார் வழங்கும் இலத்தீன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு ஒருநாள், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தான். ஆடாதோடையிடம் வந்ததும் நின்றுவிட்டான்.

"ஐயா, இதில் மட்டும் ஒரே பெயரை ஏன் இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

மேல்வரியில் 'ஆடாதோடை' என்றிருந்தது. கீழ்வரியில் 'ஜஸ்டீசியா ஆதாதோடா' என்றிருந்தது. அப்பிள்ளையின் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன. உண்மையும் அதுதான். உலகத் தாவர நூலில் நிலைபெற்றுவிட்ட நம் நாட்டுச் சொற்கள் சிலவே. அவற்றுள் ஒன்று குழாயடியில் நிற்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான். அன்று அவனுக்குச் சுருக்கமாக ஒரு விடை கூறினேன். அவ்விடை போதாதென்று அதே நாள் மாலையிலேயே எனக்கு விளங்கியது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன். முதலில் பெயரின் கதை.

1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவர நூலார் கார்ல் லின்னேயசு, அந்நாளில் மேனாட்டார் அறிந்திருந்த செடி கொடிகளுக்கெல்லாம் இரண்டிரண்டு சொற்களில் பெயரிட்டு, 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஆடாதோடைக்கு அவர் அந்நூலில் இட்ட பெயரே இன்றும் வழங்குகிறது. அதன் முதற் சொல், ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்னும் தோட்டக் கலை வல்லுநரின் நினைவாக வந்தது. இரண்டாம் சொல் நம்முடையது.

லின்னேயசு இந்தியாவையோ இலங்கையையோ கண்டவரல்லர். அவருக்கு இச்சொல் வந்த வழி சுவையானது. அவருக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்னர், பால் ஹெர்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக இலங்கையில் இருந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, எஞ்சிய பொழுதில் அத்தீவின் செடிகளைத் திரட்டி, உலர்த்தி, தாளில் ஒட்டி வைத்தார். உள்ளூர் மக்களிடம் கேட்டுப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். பிற்காலத்தில் லேய்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அங்குள்ள தோட்டத்துச் செடிகளைப் பற்றி 1687இல் அவர் வெளியிட்ட நூலில், 'இலங்கையாரின் ஆதாதோடா' என்னும் பொருள்பட இச்செடி குறிக்கப்பட்டிருக்கிறது. ஹெர்மான் 1695இல் மறைந்தார். அவர் ஒட்டி வைத்த தாள்கள் கைமாறிக் கைமாறிப் பல்லாண்டு கழித்து லின்னேயசின் பார்வைக்கு வந்தன. அவற்றைக் கொண்டே அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூல் ஒன்று எழுதினார். அத்தாள்கள் இப்பொழுது இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் பாதுகாக்கப்படுகின்றன.

ஹெர்மானுக்கு இப்பெயரைச் சொன்னவர் தமிழரா, சிங்களவரா என்று வழக்காட வேண்டுவதில்லை. இரு மொழியிலும் இப்பெயர் ஏறத்தாழ ஒரே ஒலியில் வழங்குகிறது. யாரோ ஓர் ஊர்க்காரர், வேலியோரத்தில் நின்ற செடியைக் காட்டி, வெள்ளைக்கார மருத்துவருக்குத் தம் வாய்மொழியாகச் சொன்ன சொல் அது. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் சொன்ன சொல் மட்டும் எல்லா ஏட்டிலும் இருக்கிறது. 1832இல் நீஸ் என்ற மற்றொரு ஜெர்மானியர் இதற்கு 'ஆதாதோடா வாசிகா' என்று பெயர் மாற்றினார். வாசா, வாசகம் என்பன இதன் வடமொழிப் பெயர்கள். அப்பெயரும் நூல்களில் நெடுங்காலம் வழங்கியது. இன்றும் மருந்துக் கடைப் புட்டிகளில் அதைக் காணலாம்.

இனி, அச்சொல்லின் பொருள். ஆடு தொடாத இலை என்பதே ஆடாதோடை ஆயிற்று என்பது நம் வைத்தியர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவது. 'ஆடுதொடா' என்ற வடிவமும் உண்டு. வடமொழியிலோ இதற்கு ஆடரூஷம் என்றொரு பெயர் இருக்கிறது. இந்தியில் அடூசா என்பர், மலையாளத்தில் ஆடலோடகம், கன்னடத்தில் ஆடுசோகே. எல்லாவற்றிலும் ஏதோ ஓர் ஒலி ஒத்திருக்கிறது. வடசொல்லே தேய்ந்து தமிழாயிற்று என்பாரும் உளர். சொல்லாராய்ச்சியில் பழகிய நம் ஆசிரிய நண்பர்கள் இதை வைத்து ஒரு மாலைப்பொழுது முழுதும் வாதிடலாம். நான் ஆடு தொடாமை என்னும் பக்கமே சாய்கிறேன். என் சான்று இலக்கணத்திலிருந்து வந்ததன்று, ஓர் ஆட்டிடமிருந்து வந்தது.

எங்கள் தோட்டத்து எல்லையில் ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாணவர்களை அழைத்துக்கொண்டு அவரிடம் போனோம். பலா இலை, செம்பருத்தி இலை, ஆடாதோடை இலை மூன்றையும் தனித்தனியே நீட்டினோம். பலா இலையை ஆடு பிடுங்கித் தின்றது. செம்பருத்தியையும் தின்றது. ஆடாதோடையை முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் முறை நீட்டியபொழுது ஓரடி பின்வாங்கி, என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த பெற்றோர் கூட்ட அறிவிப்புத் தாளை இழுத்து மென்றது. காகிதத்தையும் விடாத பிராணி இவ்விலையை விட்டது என்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் கண்டார்கள். வடசொல்லிலிருந்தே பெயர் வந்திருந்தாலும், அதைத் தமிழாக்கிய உழவன் ஆட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆக்கியிருக்க வேண்டும்.

ஆடு ஏன் தொடுவதில்லை? செடியால் ஓடி ஒளிய இயலாது. தன்னை மேய வருவன எல்லாவற்றிற்கும் அஞ்சி, அது தன் இலையில் கசப்பைச் சேமித்து வைக்கிறது. மாடும் இதனை விரும்பாது. பழங்களை மூட்டை கட்டும்போது பூச்சி அணுகாமலிருக்க இவ்விலையை இடையில் இட்டுக் கட்டும் வழக்கம் இந்தியாவில் உண்டு. வயலுக்குத் தழை உரமாகவும் இடுவார்கள். ஆடு வெறுக்கும் அக்கசப்பே மனிதருக்கு மருந்தாயிற்று. ஆதலால் இச்செடியின் பெயர் வெறும் அடையாளம் மட்டுமன்று. 'இதில் வீரியமான பொருள் ஏதோ இருக்கிறது' என்னும் எச்சரிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் ஏறத்தாழ அவ்வளவே.

வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்காகச் செடியைப் பற்றிச் சில சொற்கள். ஆள் உயரமும் அதற்குச் சற்று மேலும் வளரும் புதர் இது. இலைகள் மாவிலை போல நீண்டு, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். பூ வெண்மையானது, கிளை நுனியில் கதிராகத் திரண்டு, பச்சை இலைச் செதில்களுக்கிடையே வாய் திறந்தாற்போல் மலரும். மேலுதடு குடை கவித்தாற்போல் வளைந்திருக்கும். கீழுதட்டில் ஊதாச் சிவப்புக் கோடுகள் ஓடும். தேனீக்கு வழிகாட்டும் கோடுகள் அவை. பூவைப் பிரித்து மகரந்தத் தாள்களை எண்ணச் சொல்லுங்கள், இரண்டே இருக்கும். மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு லின்னேயசு செடிகளை வகுத்தார். ஒரு தாள் உடையன முதல் வகுப்பு. இரண்டு உடையன அடுத்த வகுப்பு. அதனாலேயே அவ்வளவு பெரிய நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே ஆடாதோடை இடம்பெற்றுவிட்டது. கனகாம்பரமும், நிலவேம்பும், பிள்ளைகள் தண்ணீரில் போட்டுப் படீரென வெடிக்கவிட்டு விளையாடும் பட்டாசுக் காய்ச் செடியும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஒரு செடியை மட்டும் பிரித்தறிய வேண்டும். மலாய்க் கிராமங்களில் வேலியோரம் 'காண்டாருசா' என ஒரு செடி வளர்ப்பார்கள். நம்மவர் அதைக் கருநொச்சி என்பர். நொச்சிக்கும் அதற்கும் உறவில்லை. ஆடாதோடைக்கோ அது ஒரே இனத்துப் பங்காளி. ஆடாதோடையை விட அதன் இலை மிகக் குறுகியது. தண்டு கருஞ்சிவப்பாக இருக்கும். 'ஆடாதோடைதானே' என்று அதை ஒடித்துக்கொண்டு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கேரளத்திலோ ஆடாதோடையிலேயே சிற்றினம் ஒன்றைத் தனியே கொண்டு, அதையே வைத்தியர்கள் உயர்வாகக் கருதுகின்றனர்.

நிற்க. என் பாட்டி தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர். நான் வளர்ந்த தோட்டத்தில், லயத்து வீட்டின் பின்னால் அவர் வைத்திருந்த ஆடாதோடைப் புதரிலிருந்து கொம்பு வாங்கிப் போகாத குடும்பமே இல்லை எனலாம். கொம்பை ஒடித்து, நீர் தேங்காத இடத்தில் நட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். காலை நான்கரை மணிக்கே எழுந்து பனியிலும் ஈரத்திலும் பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு இருமல் ஓயாது. பாட்டி ஆடாதோடை இலையை வெந்நீராவியில் வாட்டுவார். வாட்டாமல் பிழிந்தால் இவ்விலையிலிருந்து சாறு எளிதில் வராது. வாட்டிய இலையைத் துணியில் முறுக்கிப் பிழிந்து, தேனும் திப்பிலித் தூளும் கலந்து கொடுப்பார். பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்து ஊற்றுவார். அக்கசப்பு இன்னும் என் நாவில் இருக்கிறது. பாடாத நாவையும் பாட வைக்கும் இலை என்று அவர் சொல்லுவார்; ஊரெங்கும் வழங்கும் சொல்தான் அது. பாட்டு எனக்கு வரவில்லை. ஆனால் கட்டிய சளி கரைந்து, இரவில் உறக்கம் வந்தது உண்மை.

சித்த மருத்துவத்தில் இதைக் குடிநீராகவும், சர்க்கரை சேர்த்து மணப்பாகாகவும் செய்வர். ஆயுர்வேதத்தில் வாசாரிஷ்டம் முதலிய மருந்துகள் உண்டு. இருமல், இரைப்பு, சளியோடு இரத்தம் வருதல் ஆகியவற்றுக்கு இது சிறந்ததென இரு மருத்துவமும் கூறும். ஆஸ்துமாக்காரர்கள் உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைத்ததும் உண்டு. அண்மையில், 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டில் அரசே மக்களுக்கு வழங்கிய கபசுரக் குடிநீரில் சேரும் 15 சரக்குகளுள் இதுவும் ஒன்று. அப்பொடியை இந்நாட்டிலும் பலர் வாங்கிக் காய்ச்சிக் குடித்தார்கள்.

இவற்றையெல்லாம் 'பாட்டி வைத்தியம்' என்று தள்ளிவிடுவோர் ஆய்வுக்கூடத்தின் கதையையும் கேட்க வேண்டும். 1888இல் நீலகிரியில் டேவிட் ஹூப்பர் என்ற ஆங்கிலேயர், ஆடாதோடை இலையிலிருந்து 'வாசிசின்' என்னும் காரப் பொருளைப் பிரித்தெடுத்தார். அங்கு வளர்க்கப்பட்ட சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியாவுக்கான கொயினா எடுக்கும் பணியில் அரசாங்க இரசாயன வல்லுநராக இருந்தவர் அவர். ஆட்டை விரட்டிய கசப்பு இப்போது புட்டிக்குள் வந்துவிட்டது. 1925இல் கல்கத்தாவில் சோப்ராவும் கோஷும் இதன் செயலை ஆராய்ந்து எழுதினர். இலையில் காற்றுப் படும்போது வாசிசின் ஓரளவு மாறுதலடைந்து 'வாசிசினோன்' ஆகிறது. அது மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்துகிறதென அமின், மேத்தா என்ற இருவர் 1959இல் 'நேச்சர்' இதழில் எழுதினர்.

அடுத்து நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு, அதைச் சற்று மாற்றி, புரோமின் அணுக்களைச் சேர்த்து, ஜெர்மானிய மருந்து நூலார் 'புரோம்ஹெக்சின்' என்னும் செயற்கை மருந்தை ஆக்கினர். 1960களில் அது வழக்குக்கு வந்தது. உடலுக்குள் புரோம்ஹெக்சின் மாறி உண்டாகும் பொருளே 'அம்புரோக்சால்'. பின்னர் அதுவும் தனி மருந்தாயிற்று. மூச்சுக்குழாயில் சளி பசை போல் ஒட்டிக்கொள்வதற்கு, அதிலுள்ள நார் போன்ற நீண்ட பொருள்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது ஒரு காரணம். புரோம்ஹெக்சின் அப்பின்னலைத் தளர்த்தி, நீர்த்த சளியை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. நீர்த்த சளியைக் குழாயின் உட்புறத்திலுள்ள நுண்மயிர்கள் எளிதில் மேலே தள்ளிவிடுகின்றன, இருமினால் வெளியேறுகிறது. அரசாங்கக் கிளினிக்கில் இருமலுக்கென்று நமக்குக் கொடுக்கும் சிறு வெள்ளை மாத்திரை பல வேளைகளில் இதுதான். பாட்டியின் புதருக்குத் தூரத்துப் பேரப்பிள்ளை அது.

இதைக் கேட்டு, எல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே என்று மார்தட்டுவதும் எனக்கு உடன்பாடன்று. இலை இருமலைத் தணிக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்; எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு ஆகாது என்பவற்றை நிறுத்துப் பார்த்து அறிய ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது. உலர்ந்த இலையில் வாசிசின் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கலாம். அதற்குக் குறைந்தும் இருக்கலாம். செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் வேறுபடும். ஒரு பிடி இலை என்று பாட்டி அளந்தது ஒருநாள் அரை மருந்தாகவும் மறுநாள் இரட்டை மருந்தாகவும் இருந்திருக்கும்.

மற்றொன்று, கர்ப்பிணிகள் பற்றியது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. ஜம்மு ஆய்வுக்கூடத்தார் 1970களில் இதை விரிவாக ஆராய்ந்தனர். மகப்பேற்று மருந்தாகவே இதைப் பயன்படுத்தலாமா என்று பார்க்கும் அளவுக்கு அவ்வியல்பு வலிமையானது. ஆகவே கருவுற்ற பெண்கள் இருமலுக்கென்று ஆடாதோடைச் சாறு குடிக்கலாகாது. இதை வீட்டில் சொல்ல வேண்டும். கடைப்பொடிகளில் எழுதியிருப்பது எப்போதும் கண்ணில் படும்படி இருப்பதில்லை.

நோய் எதிர்ப்பு ஆற்றலை இது பெருக்கும் என்னும் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். விலங்குகளிடமும் கண்ணாடிக் குழாய்களிலும் செய்த சோதனைகள் சில, அவ்வாறு கருத இடம் தருகின்றன. நோய் வராமல் மனிதரை இது காக்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. கபசுரக் குடிநீரைக் குடித்துவிட்டேன், தடுப்பூசி எதற்கு என்று கேட்டவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள்.

இப்பொழுது, அம்மாணவனுக்கு நான் கூறிய விடை ஏன் போதாதது ஆயிற்று என்பதற்கு வருகிறேன். அன்று பள்ளி விட்டபின், அதே வகுப்புச் சிறுமி ஒருத்தி என் அறை வாயிலில் நின்றாள்.

"ஐயா, எங்கள் வீட்டிலும் அந்தச் செடி இருக்கிறது. பாட்டி தினமும் அப்பாவுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறார். மூன்று மாதமாகக் குடிக்கிறார்" என்றாள். அவள் அதைப் பெருமையாகவே சொன்னாள். காலையில் நான் அச்செடியை அவ்வளவு புகழ்ந்திருந்தேன்.

எனக்கு என் சித்தப்பாவின் நினைவு வந்தது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டில் அவர் இருமத் தொடங்கினார். பாட்டி ஆடாதோடை கொடுத்தார். இருமல் தணிந்தது. சில வாரங்களில் மறுபடி வந்தது. சளியில் இரத்தக் கீற்றுத் தெரிந்தது. இரத்தத்துக்கும் இதுவே மருந்து என்று பாட்டி அளவைக் கூட்டினார். இரத்தம் நின்றது. அதுதான் கெடுதலாய் முடிந்தது. சற்றும் பயன் தராத மருந்தாக இருந்திருந்தால், அவர் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். பாதிப் பயன் தந்ததால் எட்டு மாதம் வீட்டிலேயே இருந்தார். மெலிந்து, மாலைக் காய்ச்சலோடு, இரவில் வேர்வையில் நனைந்துகொண்டு பால்வெட்டுக்கும் போய்வந்தார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நுரையீரல் இரண்டும் அரித்துப் போயிருந்தன. காசநோய். ஒரு மாதத்திற்குள் இறந்துபோனார். அந்நோயைத் தீர்க்கும் மருந்து அப்பொழுதே இந்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருந்தது. பாட்டி அந்தப் புதரை வெட்டவில்லை. அதன் பக்கம் போவதை மட்டும் விட்டுவிட்டார்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டறிந்தார். அதைக் கொல்லும் ஸ்திரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. மலாயாவில் 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது; அன்று முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். இருந்தும், அண்மை ஆண்டுகளில் மலேசியாவில் ஆண்டொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் புதிதாக இந்நோய் காண்கிறது. புரோம்ஹெக்சினும் அம்புரோக்சாலும் கண்ணாடிக் குழாயில் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக 1996இல் ஓர் ஆய்வு வந்தது. அதைக் காட்டி, பார்த்தீர்களா என்பாரும் உண்டு. குழாயில் தடுப்பது வேறு, மனிதனின் நுரையீரலில் புகுந்து ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிப்பது வேறு. அதற்குக் குறைந்தது ஆறு மாதம், ஒரு நாளும் தவறாமல், மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ள வேண்டும். அவ்வளவு கூட்டுப் படை தேவைப்படும் பகையை ஒரு பிடி இலையால் வெல்ல முடியாது. இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த விதி. அரசாங்கக் கிளினிக்குகளில் அச்சோதனையைச் செய்கிறார்கள்.

அன்று மாலையே அச்சிறுமியின் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தை விட்டு வெளியேறி, மலிவு விலை வீட்டில் குடியிருப்பவர்கள். தகப்பனார் லாரி ஓட்டுநர், என்னிடம் படித்தவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பாட்டி அடுக்களையிலிருந்து வந்து, "வாங்க வாத்தியாரையா" என்றார்.

கஷாயத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவர் என்னைத்தான் நிறுத்தியிருப்பார். என் பாட்டியின் கதையைச் சொன்னேன். சித்தப்பாவின் கதையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "நாளைக்கு லீவு போடுப்பா" என்றார்.

சளிச் சோதனையில் கிருமி இருந்தது. மருந்தை உடனே தொடங்கினார்கள். வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள்; சிறுமிக்கு நோயில்லை. முதல் இரண்டு மாதம் தகப்பனார் தினமும் கிளினிக்குக்குச் சென்று, தாதியின் முன்னிலையில் மாத்திரைகளை விழுங்கினார். கஷாயம் சேர்த்துக் கொடுக்கலாமா என்று பாட்டி டாக்டரிடமே கேட்டாராம். ஆறு மாதம் முடியட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் மறுபடி போனபோது, மேசைமேல் காசநோய் மாத்திரைகளோடு இருமல் மருந்துப் புட்டி ஒன்றும் இருந்தது. மேலொட்டியைப் படித்தேன்: புரோம்ஹெக்சின். பாட்டியை அழைத்து, இது உங்கள் ஆடாதோடையைப் பார்த்துச் செய்த மருந்துதான் என்று விளக்கினேன். அவர் மூடியில் ஒரு சொட்டு ஊற்றி நாவில் வைத்துப் பார்த்தார்.

"கசக்கவே இல்லையே, வாத்தியாரையா" என்றார்.

சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.